அம்மாவின் நோய்க்கு ஓர் ஆங்கிலச் சொல்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து பேசச் சொல்லி ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். காலமெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த மாதிரி அழைப்புகள் அவ்வப்போது வரும். நல்ல பையன்தான், காப்பியைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தார். ஆனால் வாயைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், உங்களுக்கு இவ்வளவு வொக்காபுலரி எப்படி வந்துச்சுன்னு ஒரு பத்து நிமிஷம் ஜாலியா சொன்னீங்கன்னா போதும். பசங்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

ஜாலியாகவாம்! வர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். முட்டி வலி என்றேன். பாவம், உடனே நம்பிவிட்டார், தைலம்கூட ஒன்று சிபாரிசு செய்துவிட்டுப் போனார். வலி என்று சொன்ன மாத்திரத்தில் நம்புகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்கு இந்த வயதிலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சொற்கள் எனக்கு வந்த கதையை ஜாலியாகச் சொல்ல வராது. கோபமாகத்தான் வரும். மேடையில் கோபப்பட்டால் மைக்கை வாங்கிக்கொள்வார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கேயே அப்பாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தோம். மிஞ்சியது அம்மாவும் நானும். எங்கள் இருவரையும் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை கொடுத்தார்கள், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையும் கொடுத்தார்கள். அறையை எங்கள் ஆட்கள் காம்பரா என்பார்கள். வேலை இருக்கிறவரைதான் காம்பரா. சீக்கு என்றால் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு நாள் நின்றால் அன்றைய சம்பளம் போகும். தொடர்ந்து நின்றால் வேலைப் பதிவேட்டிலிருந்தே பேர் போகும். பேர் போனால் காம்பரா போகும். வேறு போக்கிடம் எங்களுக்கு இல்லை. பிறந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, வந்த ஊரில் எங்களைச் சிலோன்காரங்க என்று ஒதுக்கி வைத்துப் பேசினார்கள்.

தோட்டத்தில் மேலே இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்களிடம் பேச வேண்டியதைத் தமிழில் பேசுவார்கள், எங்களைப் பற்றிப் பேச வேண்டியதை எங்கள் எதிரிலேயே இங்கிலீஷில் பேசுவார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் இதேதான், ஆபீஸிலும் இதேதான், டிஸ்பென்சரியில் கேட்கவே வேண்டாம். எங்கள் லயத்துப் பெண்கள் இதற்கு 'தலைக்கு மேல பேசுறது' என்று பெயரே வைத்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாமல் அவர்களுக்கு ராத்திரி சோறு இறங்காது. தோட்டத்துப் பிள்ளைகளில் பந்தலூர் ஹைஸ்கூலுக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் காதில் விழுந்த சொல்லை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, மறக்காமல் இருக்கக் கொழுந்து எடுத்தபடியே அதை நாளெல்லாம் முணுமுணுத்து, சாயங்காலம் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"புள்ள, இன்னைக்கு ஒரு சொல்லு கொண்டாந்திருக்கேன். நியூசென்ஸுன்னா என்னா?"

"தொல்லை."

"ஓகோ. நான் தொல்லையாமா அந்தாளுக்கு. இருக்கட்டும், இருக்கட்டும்."

தினமும் இதே கதைதான். லேஸி, யூஸ்லெஸ், டர்ட்டி. அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்குத்தான் வாய் கசக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தானே! ஒரு நாளாவது யாராவது ஒரு நல்ல சொல்லைக் கொண்டுவர மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். வந்ததே இல்லை.

டாக்டர் சனிக்கிழமை மட்டும் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர் ராஜ்ஜியம். ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்பதால் அம்மாவோடு போனேன். மிக்ஸ்சர் வாங்கப் பாட்டிலை நாமேதான் கொண்டுபோக வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். ஜூன் மாத மழை கொட்டியது. கம்பவுண்டர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதைக்குக் குறைச்சல் வைக்க மாட்டார், அந்த மரியாதையிலேயே குத்துவார்.

"ஏனுங்கம்மா, போன வாரமும் இடுப்பு வலிதானுங்களே? அதுக்கு முந்தின வாரமும் அதேதானுங்களே? உங்க இடுப்புக்குச் சனிக்கிழமை மட்டுந்தான் வலிக்குமுங்களா?"

அம்மா தலைகுனிந்துகொண்டாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்தார். எங்கே வலி என்றார்.

"இடுப்புங்க ஐயா. பாரம் தூக்கினா ஏலாதுங்க. மலை ஏறினாலும் ஏலாதுங்க."

டாக்டர் கம்பவுண்டரிடம் திரும்பி, "மலிங்கரிங். டிபிகல் மலிங்கரிங்" என்றார். கம்பவுண்டர் சிரித்தார். எங்கள் பாட்டிலில் ஏதோ வெள்ளையாக ஊற்றிக் கொடுத்தார்கள். சீட்டு கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "தலைக்கு மேல என்னமோ சொன்னாரே, என்னாடி அது?"

எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் இங்கிலீஷ் சார் தினமும் முதல் பீரியடில் கரும்பலகையில் ஐந்து சொற்களும் அர்த்தமும் எழுதுவார். மறுநாள் ஒப்பிக்காதவர்கள் பெஞ்சு மேல் ஏற வேண்டும். நானாகப் போய் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "மலிங்கரிங்! பேஷ்! எங்கேம்மா பிடிச்ச இந்த வார்த்தையை?" என்று கேட்டார். யாரோ சொன்னார்கள் என்றேன். அதையே அன்றைய முதல் சொல்லாகப் போட்டார். நோய் இல்லாமலே நோய் இருப்பதாகப் பாசாங்கு செய்தல், வேலைக்கு டிமிக்கி கொடுப்பதற்காக. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். ஒரு பையன் எழுந்து, எங்கள் வேலைக்காரி மலிங்கரிங் செய்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னான். வகுப்பே சிரித்தது, சாரும் சிரித்து வெரி குட் என்றார். எழுந்துபோய் அந்தக் கரும்பலகையை அழித்துவிடலாமா என்றிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மறைக்காமல் சொன்னேன்.

"நடிக்கிறன்னு சொல்றாரும்மா. வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறியாம்."

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ரொட்டி கருகியது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வந்தாள்.

"நான் நடிக்கலடி. எனக்கு அடி எறங்கிப்போச்சு."

எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். சிலோனில் எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்து தங்காமல் போனான். பெற்ற உடம்பு ஆறுவதற்குள் கூடையை மாட்டி மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்தே கருப்பை கீழே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பாரம் தூக்கினால் வெளியே வந்துவிடும். அதைக் கையால் உள்ளே தள்ளி, பழைய சேலைத் துணியைச் சுருட்டி அணைகொடுத்து, மேலே கோவணம்போல இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் பாவாடை, சேலை, அதற்கும் மேல் கொழுந்துக்காரர்கள் கட்டுகிற சாக்குப் படங்கு. இத்தனையோடும் அவள் அந்தச் செங்குத்து மலையில் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து இறங்கியிருக்கிறாள். மழையில் துணி நனைந்து உராய்ந்து தொடையெல்லாம் புண். நான் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன், எனக்கே தெரியாது.

"இத டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா!"

"யாருகிட்ட? அந்த ஆம்பளகிட்டயா? பக்கத்துல கம்பவுண்டரு நிக்கிறான். பின்னால அத்தன சனம் காதத் தீட்டிக்கிட்டு நிக்குது. வாயத் தொறந்து சொல்லிப்புட்டு மறுநாளு மலையில எம் மூஞ்சிய எங்கடி வெக்கிறது?"

அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு சொன்னாள்: "இங்கிலீசுல சொன்னாப் பரவால்ல. தமிழ்ல சொன்னா அது கேவலம், இங்கிலீசுல சொன்னா அது சீக்கு. அவுங்க அதத்தான் மதிப்பாங்க. நீதான் படிக்கிறியே. அந்தச் சொல்லக் கண்டுபுடி. நீயே அவருகிட்ட சொல்லிப்புடு. சீட்டு குடுத்தாருன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

இதைத்தான் நான் தேடப் போனேன். வொக்காபுலரி வளர்க்கப் போகவில்லை.

யாரைக் கேட்பது? இங்கிலீஷ் சாரைக் கேட்க முடியுமா? சயன்ஸ் சார் அந்தப் பாடம் வந்ததும், "இது வீட்டுல படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவியவர். பள்ளியில் ஒரே பெண் ஆசிரியை தையல் டீச்சர். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "கர்ப்பப்பை கீழே இறங்கினால் இங்கிலீஷில் என்ன டீச்சர்?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைதானே நீ? இந்த வயசுல கேக்குற கேள்வியா இது?" என்று விரட்டிவிட்டார். ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்கு வந்த நோயின் பெயரைக் கேட்டால் சொல்லக் கூடாதாம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அம்மாளை இழுத்துவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

மிச்சம் இருந்தது அகராதி. ஆசிரியர் அறை அலமாரியில் அட்டை கழன்ற ஆங்கில–தமிழ் அகராதி ஒன்று உண்டு. ஆனால் அதில் எனக்கு வேண்டியதைத் தேட முடியாது. இங்கிலீஷ் சொல் தெரிந்தவனுக்குத்தான் அது தமிழ் அர்த்தம் கொடுக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவளுக்குக் கதவைத் திறக்காது. முதலில் எனக்குத் தெரிந்த சொற்களைப் பார்த்தேன். ஃபால், ஸ்லிப், டவுன். யூட்ரஸ் என்பது சயன்ஸ் புத்தகத்தில் இருந்தது. 'யூட்ரஸ் ஃபாலிங்' என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சிரிப்பார் என்று எனக்கே தெரிந்தது. அவர்கள் சொல்கிற சொல்லையே சொல்ல வேண்டும், அப்போதுதான் வாயடைத்துப்போவார்கள். வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து படிப்பேன். இங்கிலீஷ் சார் பார்த்துவிட்டு, "என்னம்மா, கதைப் புத்தகம் மாதிரி அகராதி படிக்கிற?" என்றார். "வொக்காபுலரி சார்" என்றேன். அவ்வளவுதான், என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வகுப்புக்கு வகுப்பு என் கதைதான். "தோட்டத்துப் பொண்ணு, சிலோன் அகதி, அவளுக்கு இருக்கிற ஆர்வம் உங்களுக்கு இருக்கா?" என்று மற்றவர்களைத் திட்டுவார். அகராதியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். நான் நன்றி சொன்னேன். உள்ளுக்குள் எரிந்தது. ஆர்வமா இது? என் அம்மா துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மலையேறுகிறாள் ஐயா, எனக்கு எங்கேயிருந்து ஆர்வம் வரும்?

ஒரு சொல்லையும் விட முடியாது, எது அதுவென்று தெரியாதே. அதனால் எல்லாம் மண்டையில் ஏறியது. அபான்டன், கைவிடு. அப்ஜெக்ட், இழிந்த. கம்பாஷன், இரக்கம். இரக்கத்தை முதன்முதலாக அந்த அகராதியில்தான் பார்த்தேன் என்று அன்று கோபத்தில் நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. எச் எழுத்தில் ஹெர்னியா வந்தபோது விளக்கை அருகே இழுத்துக்கொண்டேன். குடல் இறக்கம் என்று போட்டிருந்தது. இறக்கம்தான், ஆனால் அம்மாவுடையது அல்ல. எங்கள் லயத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற ஒருவருக்குக் குடல் இறங்கியபோது ஊரே அதை வாய்விட்டுப் பேசியது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லாரிடமும் காட்டாத குறையாகச் சொன்னார். டாக்டர் உடனே சீட்டெழுதி ஆபரேஷனுக்கு அனுப்பினார், திரும்பி வந்ததும் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். ஆணுக்கு இறங்கினால் அது ஹெர்னியா. பெண்ணுக்கு இறங்கினால் மலிங்கரிங். இந்த அநியாயத்தை எந்த அகராதி எழுதும்?

தினமும் வேலை முடிந்து வந்ததும் அம்மா படங்கை அவிழ்க்குமுன் கேட்பாள், "கெடைச்சுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"எந்த எழுத்துல இருக்க?"

"எல்."

"சரி. படி, படி."

அவளால் முடியாமல் போய்க்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்திவிடுகிறாள் என்று மேஸ்திரி அரைநாள் கணக்கில் பேர் போட ஆரம்பித்தார். இரண்டு அரைநாளைச் சேர்த்துத்தான் ஒரு நாள் சம்பளம். ஆபீஸில் கூப்பிட்டு, இப்படியே போனால் காம்பராவை ஒழித்துக் கொடுக்க வேண்டி வரும் என்று தமிழில்தான் சொன்னார்கள். மிரட்டுவதற்கு மட்டும் தமிழ் நன்றாக வந்தது அவர்களுக்கு. நான் விளக்கைத் தூண்டிவிட்டுப் படித்தேன். சில நாள் அழுதுகொண்டே படித்தேன், எழுத்து கலங்கும், துடைத்துக்கொண்டு மறுபடி படிப்பேன்.

பி எழுத்தில் கிடைத்தது. ப்ரொலாப்ஸ். உள்ளுறுப்பு தன் இடத்திலிருந்து நழுவிக் கீழிறங்குதல், குறிப்பாகக் கருப்பை. 'குறிப்பாகக் கருப்பை' என்று அச்சடித்தே வைத்திருக்கிறான்! அப்படியானால் இது உலகத்துக்கே தெரிந்த நோய். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பரா அக்கா அகப்பையோடு ஓடிவந்தார். எங்களோடு அதே கப்பலில் வந்தவர் அவர். அம்மா அவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தானும் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் அன்று அப்படித் தெளிந்திருந்தது. "நல்ல கௌரவமான சொல்லா இருக்குடி" என்றாள்.

சனிக்கிழமை துவைத்த பாவாடை தாவணியோடு நான் முன்னால் போனேன். அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை, பக்கத்துக் காம்பரா அக்காவும் அதில் இருந்தார். கம்பவுண்டர், "என்னுங்க, இன்னைக்கும் இடுப்புங்களா?" என்று தொடங்கினார். நான் அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சார், மை மதர் இஸ் நாட் மலிங்கரிங். ஷீ ஹாஸ் எ ப்ரொலாப்ஸ் ஆஃப் தி யூட்ரஸ்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதோ கேட்கப் போகிறார், எப்போதிலிருந்து, எப்படி, எவ்வளவு வலி என்று. எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"வெரி குட் இங்கிலீஷ்" என்றார் டாக்டர். எந்த ஸ்கூல் என்று கேட்டார். சொன்னேன். அம்மாவைப் பார்த்துத் தமிழில், "உம் பொண்ணு நல்லா படிக்குது, நிறுத்திடாதே" என்றார். பிறகு சிரித்தபடி கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் தலைக்கு மேல் இப்படிப் பேசினார்: லயத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இது இருக்கும். இவள் நடந்து வருகிற நடையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். ஒருத்தியை அனுப்பினால் எல்லாரும் வந்து நிற்பார்கள். அப்புறம் கொழுந்து எடுக்க யார் இருப்பார்கள்?

அதில் ஒரு கஷ்டமான சொல்கூட இல்லை. ஹாஃப், உமன், வாக், ஆல். எந்த அகராதியும் வேண்டாத, சின்ன வகுப்புச் சொற்கள். வாக்கியம் முடிவதற்குள் எனக்கு முழுக்க விளங்கிவிட்டது.

அம்மா பின்னாலிருந்து என் தாவணியை இழுத்தாள். ஆவலோடு கேட்டாள், "என்னா சொல்றாரு? சீட்டு குடுக்குறாராமா?"

எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. டாக்டரைப் பார்த்தபடியே, வராந்தாவில் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் கத்தினேன்.

"உனக்கு அடி எறங்கினது அவருக்கு முன்னாடியே தெரியுமாம்மா! லயத்துல பாதிப் பேருக்கு எறங்கியிருக்காம்! எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா கொழுந்து எடுக்க ஆள் இருக்காதாம்! அதனாலதான் நடிக்கிறன்னு சொன்னாராம்!"

கம்பவுண்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மா என் வாயைப் பொத்தி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பாட்டில் அங்கேயே விழுந்து உடைந்தது. ரோட்டில் இழுத்துக்கொண்டே திட்டினாள். முதுகில் இரண்டு வைத்தாள்.

"சண்டாளி! நாலு பேருக்கு முன்னால எம் மானத்த வாங்கிப்புட்டியேடி! இதுக்கா உன்னயப் படிக்க வெச்சேன்? இனி எப்பிடிடி நான் மலைக்குப் போவேன்?"

நான் அழவில்லை. திட்டிக்கொண்டே வந்தவள், ஃபாக்டரி வளைவுக்கு வந்ததும் சட்டென்று நின்றாள். குரல் மாறிவிட்டது.

"அவருக்கு முன்னாடியே தெரியும்னா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"நல்லாக் கேட்டியா? முன்னாடியேவா?"

"உன் நடையப் பார்த்ததுமே தெரியுமாம்."

அம்மா ரோட்டோரம் மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் யாருக்குடி வெக்கப்பட்டேன்?"

யாரோ எழுப்பி நிறுத்திய மாதிரி அவள் எழுந்து, முந்தானையைப் பிழிந்துகொண்டு நடந்தாள்.

அன்று பொழுது சாயும்போது பக்கத்துக் காம்பரா அக்கா வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்குந்தான் தங்கச்சி. மூத்தவன் பொறந்ததுலேருந்து. எம் புருசனுக்கே தெரியாது. நானும் வாறேன், ரெண்டு பேருமா ஊட்டிக்குப் போவோம். அங்க பொம்பள டாக்டர் இருக்காங்களாம்."

"சீட்டு இல்லியேக்கா. பேர வெட்டிருவாங்க."

"வெட்டட்டும். நாசமாப் போறவனுக, வெட்டட்டும்."

வெட்டத்தான் செய்தார்கள். ஆபீஸ் வாசலில் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கொழுந்துக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்த பிறகுதான் இருவர் பேரையும் திரும்ப எழுதினார்கள். டாக்டரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குச் சனிக்கிழமை வந்தார், போனார், நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார் என்றும் கேள்விப்பட்டேன். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் கிளம்பினோம். கூடலூர் தாண்டி நடுவட்டம் வளைவுகளில் பஸ் ஏற ஏற அம்மாவும் அக்காவும் ஸீட்டில் சரியாக உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தபடியே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் டிஸ்பென்சரியில் போலவே நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

"நீ இரு."

அந்தப் பெண் டாக்டருக்கு எங்கள் தையல் டீச்சர் வயதுதான் இருக்கும். எதிரே ஒரு நர்ஸ், வாசலில் ஓர் ஆண் உதவியாளர். அம்மா யாரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தவில்லை.

"அடி எறங்கிப்போச்சுங்கம்மா. வெளிய வந்துருதுங்க."

டாக்டர் தலையாட்டினார், இதைத் தினமும் கேட்கிறவர்போல. திரையை இழுத்து, படுக்க வைத்துப் பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். துணிக் கட்டை அவிழ்க்கிற சத்தமும், புண்ணைப் பார்த்து நர்ஸ் 'அய்யோ' என்றதும் கேட்டது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், இன்றே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். சிலோனில் இருந்தபோதே வந்தது என்றாள் அம்மா.

"அட ஆண்டவா! இத்தனை வருஷமா ஏம்மா சும்மா இருந்தீங்க?"

கனிவாகத்தான் கேட்டார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே அவரைப் பார்த்தாள்.

"சும்மா எங்கங்க இருந்தேன்? கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன்."